நூலகப் பொதுக் கணினி மக்கர் செய்தால்: வருகிறவர் சொல்லும் வார்த்தையிலிருந்து தொடங்கும் வழிமுறை

கடலூர்ப் பக்கத்துக் கிளை நூலகங்களில் பொதுக் கணினியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூலகர், உதவியாளர், மாலையில் வந்து கைகொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும்தான். அந்தக் கணினியில் உட்காருகிறவர்களில் பலர் செல்போனை நன்றாகவே கையாளுவார்கள். மவுஸும் கீபோர்டும்தான் புதிது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட வரும் பெண், பட்டா பார்க்க வரும் விவசாயி, ஓய்வூதியச் சீட்டு எடுக்க வரும் பெரியவர் யாரும் “பிரவுசர் ஹேங் ஆகிறது” என்று சொல்ல மாட்டார்கள். “போயிடுச்சு”, “வரலை”, “என்னமோ கேக்குது” என்பார்கள். அதனால் கோளாறுகளை அவர்கள் வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு கோளாறிலும் நமக்கு இரண்டு வேலை. இப்போது உட்கார்ந்திருப்பவரின் காரியத்தை முடித்துக்கொடுப்பது ஒன்று. அதே கோளாறு நாளைக்கு இன்னொருவருக்கு வராதபடி அமைப்பை மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். தெரியாமல் ஒரு விசையைத் தொட்டதும் கணினி குழம்புகிறது என்றால், குழம்பும்படி அதை விட்டுவைத்தது அமைத்தவர் குறை. ஆகவே “எதைத் தொட்டீங்க?” என்று கேட்காதீர்கள். “இப்ப என்ன தெரியுதுங்க ஐயா?” என்று கேளுங்கள். விடையும் சீக்கிரம் கிடைக்கும், வந்தவரும் கூசிப்போக மாட்டார். அப்புறம், மவுஸை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள், அவரே அமுக்கட்டும். நேரம் கூடுதலாகும்தான். ஆனால் அடுத்த முறை அவரே செய்துகொள்வார்.

முதலில் அடித்தளம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். நூலகங்களுக்கு நன்கொடையாக வரும் பழைய கணினிகள் பலவற்றில் அது இருக்காது. அப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்பது என் கருத்து. 4 ஜிபி ராம் (நினைவகம்) இருந்தால் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பு தாராளமாக ஓடும். லாகின் விண்டோ அமைப்புக்குள் போய் விருந்தினர் அமர்வை அனுமதியுங்கள். பொதுமக்கள் விருந்தினராக நுழைவார்கள். வெளியேறியதும் அவர்கள் விட்டுச்சென்றதெல்லாம் அழிந்து, அடுத்தவருக்குப் புதிய திரை வரும். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இந்த ஒன்றே மருந்து.

விண்டோஸ் புரோ இருக்கும் கணினியில் தனியாக ஒரு சாதாரணப் பயனர் கணக்கைத் திறந்து, நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லை நூலகரிடம் மட்டும் வைத்திருங்கள். பிரவுசரை விருந்தினர் முறையில் திறக்கும்படி குறுக்குவழி வைக்கலாம். ஒரே தளத்தை மட்டும் காட்டும் கியோஸ்க் முறையும் உண்டு. அது நூல் பட்டியல் தேடுவதற்கான கணினிக்கு நன்றாகப் பொருந்தும். விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு ஒத்துவராது. அவர்களுக்கு இரண்டு மூன்று டேப் வேண்டும், கோப்பைச் சேமிக்க வேண்டும், பிரிண்ட் எடுக்க வேண்டும்.

பிரவுசரின் முதல் பக்கமாக நீங்களே ஒரு பக்கம் செய்து வையுங்கள். பெரிய பெரிய தமிழ்ப் பொத்தான்கள்: தேர்வாணையம், மின்கட்டணம், பட்டா, வாக்காளர் பட்டியல், ரயில் முன்பதிவு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். எட்டுப் பத்துக்கு மேல் வேண்டாம். இந்தப் பக்கம் எவ்வளவு உதவும் என்பது பின்னால் தெரியும்.

“ஒண்ணுமே வரலைங்க, கருப்பா இருக்கு”

மவுஸை அசைத்துப் பாருங்கள். திரை தூங்கியிருக்கலாம். அசைத்தும் வரவில்லையென்றால் மானிட்டரின் விளக்கைப் பாருங்கள். விளக்கே இல்லையென்றால் மானிட்டருக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது யாரோ மானிட்டரை அணைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் மானிட்டர் சரி, சிபியு பெட்டியிலிருந்து படம் வரவில்லை. பின்பக்க வயரை அழுத்திப் பாருங்கள். விளக்கு வழக்கமான நிறத்தில் எரிந்தும் திரை கருப்பாக இருந்தால் படத்தை வேறு திரைக்கு அனுப்பச் சொல்லி விசை அழுத்தப்பட்டிருக்கலாம். விண்டோஸ் விசையோடு பி-யை ஒருமுறை அழுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி அழுத்தி என்டர் தட்டிப் பாருங்கள்.

பெட்டி ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் பீப் பீப் என்று சத்தம் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் ராம். நம் ஊரில் இது அதிகம். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் உப்புக்காற்று ராமின் பித்தளை நிறப் பற்களில் படிந்து தொடர்பைக் கெடுத்துவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கி, ராமைக் கழற்றுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் துணியால் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஊதினால் வாயின் ஈரம் போய் ஒட்டும்.

நிரந்தர வேலை: கணினி தூங்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, திரை மட்டும் அணையும்படி வையுங்கள். மானிட்டர் பொத்தானுக்கு மேல் ‘திரை’, பெட்டிப் பொத்தானுக்கு மேல் ‘கணினி’ என்று ஒட்டுங்கள். பெட்டியின் பொத்தானை ஒருமுறை தொட்டதும் அணையாதபடி மின்சார அமைப்பில் ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரில் எத்தனை வீட்டுக்குள் புகுந்தது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பெட்டி மேசைமேல் ஏறிவிட வேண்டும்.

“பாஸ்வேர்டு தப்புன்னே சொல்லுது”

எல்லாவற்றிலும் அதிகம் காதில் விழும் புகார் இது. மக்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டார்கள் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டிவிடாதீர்கள். செல்போனில் சரியாக அடிக்கிறவர் இங்கே தவறாக அடிப்பதற்குக் கீபோர்டே காரணமாக இருக்கலாம்.

கடவுச்சொல் கட்டத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். ஆகவே அதற்கு மேலே பெயர் அடிக்கும் கட்டத்தில் ஏதாவது ஒரு எழுத்தையும் ஒரு எண்ணையும் அடிக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்து விழுந்தால் கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறது. தமிழ் எழுத்து விழுந்தால் மொழி மாறியிருக்கிறது. வலப்பக்க எண் பகுதியைத் தட்டியும் எண் விழவில்லையென்றால் அந்தப் பகுதியை இயக்கும் ‘நம்லாக்’ (Num Lock) விசை அணைந்திருக்கிறது. ஒன்றுமே விழாமல், ஒரு விசையை நெடுநேரம் அழுத்தினால்தான் விழுகிறது என்றால் ஃபில்டர் கீஸ், அதாவது சட்டென்று படும் தட்டைக் கணக்கில் எடுக்காத வசதி, இயங்குகிறது. விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்ட்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் அது வந்துவிடும். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால், ஷிஃப்ட் போன்ற விசைகளைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாத ஸ்டிக்கி கீஸ் வசதி வரும். கையை விசைமேல் வைத்தபடி யோசிக்கும் புதியவருக்கு இரண்டும் சர்வசாதாரணமாக நடக்கும்.

மொழி மாறியிருந்தால் விண்டோஸிலும் லினக்ஸிலும் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் பெரும்பாலும் திரும்பிவிடும். விண்டோஸில் இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தாலும் மொழி மாறும். அந்தக் குறுக்குவழியை அமைப்பில் போய் எடுத்துவிடுங்கள், தற்செயலாக மாறுவது குறையும். ஸ்டிக்கி கீஸ், ஃபில்டர் கீஸ் இரண்டின் விசைக் குறுக்குவழிகளையும் நிறுத்துங்கள். அந்த வசதி தேவைப்படும் மாற்றுத்திறனாளி வந்தால் நீங்களே இயக்கிக்கொடுக்கலாம். அந்த ஒருவருக்கு அது மிக அவசியமான வசதி என்பதால் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள்.

அப்புறமும் ஏறவில்லையென்றால் கடவுச்சொல் கட்டத்தின் கண் படத்தை அமுக்கிப் பார்க்கலாம். அதற்கு முன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்; நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி உங்களிடம் நீட்டுவார்கள், “நீயே அடிச்சுடு தம்பி” என்பார்கள். வாங்காதீர்கள். “நீங்களே அடிங்கம்மா, நான் எழுத்து எங்க இருக்குன்னு காட்டறேன்” என்று சொல்வது போதும்.

“தமிழ்ல அடிக்க வரலை”

கேட்கிறவர் எதில் பழகியவர் என்று முதலில் கேளுங்கள். தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவருக்குப் பழைய தட்டச்சு அமைப்பு வேண்டும். பள்ளியிலோ அரசுப் பயிற்சியிலோ கற்றவருக்குத் தமிழ் 99. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. செல்போனில் பழகியவர் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ அடித்தால் தமிழில் விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பார். மூன்றையும் போட்டு வைக்கலாம், ஆனால் தொடக்க மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும். இல்லையென்றால் மேலே சொன்ன கடவுச்சொல் தொல்லை வரிசையாக வரும். தமிழ் 99 விசைப்படத்தை அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

“எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு”

கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் போடுங்கள். விண்டோஸில் நிர்மலா கூடவே வருகிறது.

கட்டத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து பொருளில்லாமல் தெரிந்தால் கதை வேறு. அந்தக் கோப்பை யாரோ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லாததால் அடிப்படை எழுத்து அப்படியே தெரிகிறது. அவசரத்துக்கு அந்த எழுத்துருவைப் போட்டால் படிக்க முடியும். வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தாக்கிக் கொடுங்கள். பழைய மனு, சங்கத்துக் கடிதம், கல்யாணப் பத்திரிகை வாசகம் எல்லாம் இப்படித்தான் பென்டிரைவில் வரும்.

“தானா ஏதோ ஆயிடுச்சு”

இதில் பல உண்டு, எல்லாம் சின்ன விஷயம். எழுத்து திடீரென்று பெரிதானாலோ சிறுத்தாலோ கன்ட்ரோலும் 0-வும். மேலே இருந்த முகவரிப் பட்டை காணாமல் போனால் எஃப்11. திரை தலைகீழாகவோ பக்கவாட்டிலோ கவிழ்ந்தால் கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்புக்குறி. அது கேட்காவிட்டால் திரை அமைப்பில் போய் நேராக்குங்கள். சில இன்டெல் கணினிகளில் இந்தக் குறுக்குவழி இருக்கிறது, இன்டெல் கிராபிக்ஸ் அமைப்பிலேயே அதை நிறுத்திவிடலாம். அடிக்க அடிக்க முன்னாலிருக்கும் எழுத்து அழிந்துகொண்டே போனால் இன்சர்ட் விசை.

“ரெண்டு தடவை அமுக்குறேன், திறக்கலை” என்பவர்களுக்கு விரல் வேகம் போதவில்லை. வயதானவர்கள் இரண்டாவது தட்டுக்குள் மவுஸை நகர்த்தியும் விடுவார்கள். இரட்டைத் தட்டு வேகத்தைக் குறைப்பதைவிட, ஒரே தட்டில் திறக்கும்படி கோப்பு மேலாண்மை அமைப்பிலேயே மாற்றிவிடுங்கள். மவுஸ் அம்பைப் பெரிதாக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள். அதுவே பாதிக் கஷ்டத்தைப் போக்கும்.

“பாதுகாப்பு இல்லைன்னு சிவப்பா வருது”

எந்தத் தளத்தைத் திறந்தாலும் இப்படி வந்தால் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் காட்டினால் காரணம் அதுதான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னை வேறொரு வருடத்தில் இருப்பதாக நினைத்தால் நல்ல சான்றிதழையும் செல்லாது என்று தள்ளிவிடும். தேதியைச் சரிசெய்யுங்கள். அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய தேதிக்கே போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட், சின்ன காசு அளவு, கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கும்.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் எச்சரிக்கை வந்தால் ‘பரவாயில்லை, போ’ என்று தாண்டிப் போகச் சொல்லாதீர்கள். அதுவும் வங்கியோ ஆதாரோ என்றால் கண்டிப்பாகக் கூடாது.

“நெட் இல்லை”

எல்லாத் தளமும் வரவில்லையா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அந்தத் தளமே முடங்கியிருக்கலாம். தேர்வு முடிவு வரும் நாளில் இது வழக்கம். எல்லாமே வரவில்லையென்றால் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வயர் எங்கோ அறுந்தோ கழன்றோ இருக்கலாம். நீங்கள் அணைத்துப் போட்டு ஒன்றும் ஆகாது, இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். சிவப்பு இல்லையென்றால் ஒருமுறை அணைத்துப் போடலாம். சிறுவர்களும் வரும் இடம் என்பதால் ரவுட்டரில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் குடும்ப வடிகட்டியான 1.1.1.3 டிஎன்எஸ்-ஐ (தளத்தின் பெயரை வைத்து அதன் இடத்தைத் தேடித்தரும் சேவை) வைக்கலாம். தீம்பொருள் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் அது தடுக்கும். நியாயமான தளம் எதுவும் அதில் மாட்டுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

“இது யாரோட மெயிலு?”

ஒருவர் பிரவுசரைத் திறக்கிறார், வேறொருவரின் மின்னஞ்சல் திறந்து நிற்கிறது. நூலகக் கணினியில் இதைவிட மோசமான கோளாறு கிடையாது. அந்த அஞ்சல் பெட்டிக்குள் ஆதார் நகல் இருக்கும், வங்கிக் கடிதம் இருக்கும், சொந்தப் பேச்சு இருக்கும். படிக்காமல் உடனே வெளியேற்றுங்கள். பிரவுசரை மூடினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் படத்தை அமுக்கி முறைப்படி வெளியேற வேண்டும்.

உரியவர் வீட்டிலிருந்து பதறிக் கூப்பிட்டால் அவர் செல்போனிலேயே செய்ய முடியும். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலில் இந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றலாம். வாட்ஸ்அப் வெப் என்றால் போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்திருந்தால் போனில் விளக்க எளிது.

நிரந்தர வேலையை இங்கே நிதானமாகச் செய்யுங்கள். விருந்தினர் அமர்வு இருந்தால் வெளியேறியதும் எல்லாம் அழியும். ஆனால் வெளியேற வேண்டுமே! பலர் வேலை முடிந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே திரையின் நடுவில் ‘என் வேலை முடிந்தது’ என்று ஒரு பெரிய பச்சைப் பொத்தான் வையுங்கள். அதைத் தட்டினால் அமர்வு முடிய வேண்டும், வேறெதுவும் கேட்கக் கூடாது. வருகிறவர் கையெழுத்துப் போட உங்களிடம் திரும்பி வரும்போது “அந்தப் பச்சைப் பொத்தானைத் தட்டிட்டீங்களாங்க?” என்று கேட்பது பழக்கமாகட்டும்.

சும்மா கிடந்தால் தானாக வெளியேறும்படியும் வைக்கலாம். பத்து நிமிடம் போதாது. விண்ணப்பத்தின் ஒரு பக்கத்தைப் படித்து, பையிலிருந்து சான்றிதழை எடுத்து, வீட்டுக்குப் போன் போட்டுத் தேதி கேட்டு அடிக்கிறவர்கள் உண்டு. பாதி நிரப்பியது அழிந்துபோனால் அவர்கள் மறுபடி நூலகத்துக்கே வர மாட்டார்கள். இருபது நிமிடமும், முடிவதற்கு முன் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் என்பது என் கணக்கு.

ஃபயர்ஃபாக்ஸில் கொள்கைக் கோப்பு ஒன்று (பிரவுசர் எதைச் செய்யலாம், கூடாது என்று சொல்லும் கோப்பு) வைத்துக் கடவுச்சொல் சேமிப்பதை அடியோடு நிறுத்தலாம். படிவத்தில் அடித்ததை நினைவில் வைப்பதையும் நிறுத்தலாம். மூடும்போது குக்கி, வரலாறு எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லலாம். விண்டோஸ் கணினியில் இது கட்டாயம். குரோமிலும் எட்ஜிலும் இதே மாதிரி கொள்கைகள் உண்டு.

“டவுன்லோட் பண்ணேன், காணோம்”

கன்ட்ரோலும் ஜே-யும் தட்டினால் இறக்கியவற்றின் பட்டியல் வரும். நிரந்தரமாக, இறக்கும் கோப்பெல்லாம் முகப்புத் திரையிலேயே விழும்படி மாற்றுங்கள். கண்ணுக்கு எதிரே இருந்தால் தேட வேண்டாம். அமர்வு முடிந்ததும் அழியும் என்பதைத் திரையின் பின்புலப் படத்திலேயே எழுதி வையுங்கள்: ‘போகும் முன் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள்’.

“போட்டோ சைஸ் அதிகம்னு சொல்லுது” என்பதும் இதன் தம்பிதான். செல்போன் படம் சில எம்பி இருக்கும், விண்ணப்பம் சில பத்து கேபிதான் கேட்கும். படத்தை வெட்டிச் சுருக்கும் எளிய நிரல் ஒன்றைக் கணினியிலேயே வைத்திருங்கள். இணையத்தில் ‘சுருக்கித் தருகிறோம்’ என்னும் ஏதோ ஒரு தளத்தில் புகைப்படத்தையும் கையெழுத்தையும் ஏற்ற விடாதீர்கள்.

“என் பட்டா காட்டவே மாட்டேங்குது”

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. தென்பெண்ணைக்கு இக்கரை கடலூர் மாவட்டம், அக்கரையில் பாகூர் கொம்யூன் புதுச்சேரி. பொண்ணு கொடுத்து எடுத்த சொந்தமெல்லாம் இரண்டு பக்கமும் இருக்கும். வீடு கடலூரில், நிலம் பாகூர்ப் பக்கம் என்று இருப்பவர் தமிழ்நாட்டுத் தளத்தில் எவ்வளவு தேடினாலும் அந்த ஊர் பட்டியலில் வராது. புதுச்சேரி அரசின் தளத்துக்குத்தான் போக வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் பெயர், மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் இதே கதை. “நிலம் எந்த ஊருங்க?” என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். முகப்புப் பக்கத்தில் ‘தமிழ்நாடு’, ‘புதுச்சேரி’ என்று இரண்டு வரிசையாகப் பொத்தான்களைப் பிரித்துவிட்டால் பாதித் தேடல் மிச்சம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம்: அவர் வந்து நிற்பது அரசுத் தளமே அல்ல. தேடலில் மேலே விளம்பரமாக வருவதை அமுக்கிவிடுவார்கள். அது அரசுச் சின்னம் மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு பணம் கேட்கும். பட்டாத் தள முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பெயர் ‘ஜிஓவி புள்ளி இன்’ (gov.in) அல்லது ‘என்ஐசி புள்ளி இன்’ (nic.in) என்று முடிகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். முகப்புப் பொத்தான்கள் இதற்காகத்தான். தேடவே தேவையில்லாமல் நேராகப் போய்விடலாம்.

“வைரஸ் வந்திருக்காம், இந்த நம்பருக்குப் போன் பண்ணச் சொல்லுது”

போன் பண்ணக் கூடாது. அது ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். அப்புறம் ஆல்ட்டும் எஃப்4-ம். கேட்காவிட்டால் அமர்வையே முடித்துவிடுங்கள். பிரவுசரில் அறிவிப்பு அனுமதி கேட்பதை மொத்தமாகத் தடுத்து, ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பானைப் போட்டுவிட்டால் இது பெருமளவு குறையும்.

“பிரிண்ட் கொடுத்தேன், வரலை”

வராததால் மறுபடி கொடுப்பார்கள், மறுபடி கொடுப்பார்கள். பிரிண்டர் உயிர் பெற்றதும் பத்துப் பிரதி கொட்டும். ஆகவே முதலில் வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் நீக்குங்கள். லினக்ஸில் பிரவுசரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ 631 போர்ட்டுக்குப் போனால் பிரிண்டர் பக்கம் வரும். விண்டோஸில் நீக்கியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் சேவைகள் பட்டியலில் அச்சு வரிசையைக் கையாளும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, அதன் கோப்புறையில் இருப்பதை அழித்து, மறுபடி தொடங்குங்கள்.

பிறகு பிரிண்டரைப் பாருங்கள். தாள் இருக்கிறது, விளக்கு மட்டும் மின்னிக்கொண்டு நிற்கிறது என்றால் தாள் அளவு ‘லெட்டர்’ என்று இருக்கும். நம்மிடம் இருப்பது ஏ4. பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. பிரிண்டர் அமைப்பிலும் பிரவுசரிலும் ஏ4 என்று மாற்றுங்கள். எந்தக் கோளாறும் தெரியாமல், ஆனால் தாளும் வராமல் இருந்தால் அச்சு வேறு எங்கோ போயிருக்கிறது. ‘பிடிஎஃப்ஆக அச்சிடு’ போன்ற பொய்ப் பிரிண்டர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இயல்பான பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் அமைப்பையும் நிறுத்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தாள் சிக்கிக்கொண்டே இருந்தால் தாள் ஈரம் உறிஞ்சியிருக்கிறது. கட்டைப் பிரித்து மொத்தமாக அடுக்காமல், அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் வைத்து மீதியை பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்-ஸில் மாட்டாதீர்கள். சூடேறும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை நூலகத்தில் இருக்கும் சிறிய யுபிஎஸ் தாங்காது. கணினியையும் சேர்த்து அணைத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில், யாரையும் நீண்ட விண்ணப்பம் தொடங்க விடாதீர்கள்.

ஆதார் நகலும் சான்றிதழும் தாள் தட்டில் மறந்து கிடக்கும். பழைய தாளோடு சேர்க்காமல், உரியவர் வராவிட்டால் மாலையில் கிழித்துவிடுங்கள்.

“ஓடிபி வரலை”

ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். திரையில் கடைசி சில இலக்கங்கள் தெரியும். ஆதாரில் இருப்பது பழைய எண்ணாக இருக்கலாம்; மகன் போனாக இருக்கலாம், அந்த மகன் சிப்காட்டில் ஷிஃப்டில் இருக்கலாம். எண்ணே மாறியிருந்தால் இந்தக் கணினியில் செய்ய ஒன்றுமில்லை, ஆதார் சேவை மையத்துக்குப் போகலாம். அதை நேராகச் சொல்லி அனுப்புங்கள். மறுபடி மறுபடி முயன்றால் தளம் கொஞ்ச நேரத்துக்கு அவரைப் பூட்டிவிடும். ஓடிபி-யை உங்களிடம் உரக்கப் படித்துக் காட்ட விடாதீர்கள். அவரே அடிக்கட்டும்.

“பணம் போயிடுச்சு தம்பி”

எப்போதாவது வரும். வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். அவர் போனிலிருந்தே 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் தகவல் போனால் இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, ஆகவே நிமிடம்தான் முக்கியம். வங்கியின் வாடிக்கையாளர் எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள், அங்கேயும் போலி எண்கள் கிடக்கின்றன. ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்தக் கணினியின் அமர்வை உடனே முடித்துவிடாதீர்கள். அவர் போன தளத்தின் முகவரி, பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, திரையைப் போனில் படம் எடுத்த பிறகு முடியுங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியும்போது இவ்வளவையும் கேட்பார்கள். அவர் கை நடுங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தாளை நீங்களே எழுதிக்கொடுங்கள்.